வெப்பநிலைமானி கற்பிக்கும் பாடம்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் பயன் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் சிறப்பாகவே பேசிவிட்டார்கள். ஆகவே நான் ஒரு சிறு கருவியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இது என் சட்டைப் பையில் அடங்கிவிடும். இதனை வெப்பநிலைமானி என்று பாடநூல்கள் கூறும். தெர்மாமீட்டர் என்று நாம் சொல்லுவோம். நான் பட்டம் பெற்றது வரலாற்றுப் பாடத்தில். எனினும் அறிவியல் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாத ஆண்டுகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலும் நடத்தியவன் என்ற முறையில் இதைப் பற்றிப் பேசத் துணிகிறேன். இதைப் பேசுவதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1979-ஆம் ஆண்டு. எனக்கு வயது ஒன்பது. என் தங்கைக்கு நான்கு. அறுவடைக் காலமாதலால் என் தாயார் ஒரு வீட்டில் நெல் அவிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னிரவில் போய், கொதிக்கும் அண்டாவின் அருகே நின்று, அவிந்த நெல்லை அள்ளிக் கொட்டிக் களத்தில் பரப்பிவிட்டு, விடிந்தபின் திரும்புவார். தங்கை இரண்டு நாளாகச் சோர்ந்து படுத்திருந்தாள். அம்மா வந்தவுடன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். “உடம்பு அப்படி ஒன்றும் சுடவில்லை, இலேசான சூடுதான்” என்பார். மூன்றாம் நாள் குழந்தைக்கு வலிப்புக் கண்டது. ஐந்து கல் தொலைவிலிருந்த அரசு மருத்துவமனைக்கு அப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே செவிலியர் அம்மையார் ஒருவர் அவள் அக்குளில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, சற்று நேரம் பொறுத்து, எடுத்துப் பார்த்து, “நூற்று நான்கு” என்றார். அந்தக் கருவியை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். நோய் மூளைக்காய்ச்சல் என்றார்கள். தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் போய்விட்டது.

முன்னரே கொண்டுபோயிருந்தால் காது தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் என் தாயார் தம் கடைசிக் காலம்வரை, “என் கைக்குத் தெரியாமல் போயிற்றே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்பது ஆசிரியர் பயிற்சி பெற்ற பிறகே எனக்கு விளங்கிற்று. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளைகளே! வீட்டிற்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று பாத்திரங்களை வரிசையாக வையுங்கள். ஒன்றில் கை பொறுக்கும் அளவுக்குச் சுடுநீர். மற்றொன்றில் பானையில் குளிர்ந்த தண்ணீர். நடுவில் சாதாரணத் தண்ணீர். இடக்கையைச் சுடுநீரிலும் வலக்கையைக் குளிர்நீரிலும் சற்று நேரம் அமிழ்த்தி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஒன்றாக நடுப் பாத்திரத்தில் விடுங்கள். இடக்கை, “இது குளிர்கிறது” என்னும். வலக்கை, “இது சுடுகிறது” என்னும். தண்ணீர் ஒன்றே, கைகளும் ஒருவருடையனவே. ஆயினும் தீர்ப்பு இரண்டு! ஏனெனில், நம் தோல் ஒரு பொருளின் சூட்டை அளப்பதில்லை. தான் இருக்கும் நிலையோடும், சற்று முன் இருந்த நிலையோடும் அதனை ஒப்பிட்டுச் சொல்லுகிறது. கொதிநெல்லில் கிடந்து வந்த கைக்கு, காய்ச்சல் கண்ட நெற்றியும் இலேசான சூடாகவே படும். என் தாயாரின் அன்பில் குறையில்லை. அவர் கையில் ஓர் அளவுகோல் இல்லை. அவ்வளவுதான்.

இனி அந்த அளவுகோல் எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம். முதலில் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறி பல நூறு டிகிரி சூடுடையது. கையில் பட்டால் சுருக்கென்று சுட்டுவிட்டு அவிந்துபோகும். அண்டா நிறைந்த வெந்நீர் அதைவிடக் குறைந்த சூடுடையது. ஆனால் அதில் தவறி விழுந்தவர் உயிருக்கே ஆபத்து. அண்டாவில் வெப்பத்தின் அளவு மிகுதி. பொறியில் வெப்பநிலை மிகுதி. இதற்கு நீர் மட்டத்தை உவமையாகச் சொல்லலாம். பெரிய தொட்டியையும் சிறிய தொட்டியையும் ஒரு குழாயால் இணைத்தால், எதில் நீர் அதிகம் என்று பார்த்து நீர் பாய்வதில்லை. எதில் மட்டம் உயரம் என்று பார்த்தே பாய்கிறது. மட்டம் சமமானதும் நின்றுவிடுகிறது. அதுபோலவே வெப்பமும், வெப்பநிலை உயர்ந்த பொருளிலிருந்து தாழ்ந்த பொருளுக்குப் பாய்கிறது. இரண்டும் ஒரே நிலையை அடைந்ததும் பாய்வது நிற்கிறது. இதனை வெப்பச் சமநிலை என்பர்.

வெப்பநிலைமானியின் முழு இரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது. அக்கருவி உண்மையில் காட்டுவது நோயாளியின் வெப்பநிலையை அன்று; தன்னுடைய வெப்பநிலையையே அது காட்டுகிறது. நோயாளியின் உடலைத் தொட்டுக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்து, அவர் எந்த நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையைத் தானும் அடைகிறது. பிறகு தன் நிலையைக் காட்டுகிறது. இதனால்தான் வைத்தவுடன் எடுத்துவிடக் கூடாது என்கிறோம். கருவி சிறியதாக இருப்பதற்கும் இதுவே காரணம். பெரிதாக இருந்தால் தொட்ட பொருளின் வெப்பத்தைத் தானே உறிஞ்சி அதன் நிலையை மாற்றிவிடும்.

கருவி தன் நிலையை எவ்வாறு காட்டுகிறது? பொருள்கள் பெரும்பாலும் சூடேறினால் விரிவடையும், குளிர்ந்தால் சுருங்கும். கண்ணாடிக் குமிழில் பாதரசத்தை நிரப்பி, அதன்மேல் மயிரினும் நுண்ணிய துளையுள்ள குழலை இணைத்திருக்கிறார்கள். ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் பாதரசம் தன் பருமனில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்குதான் விரியும். குமிழில் 100 கன மில்லிமீட்டர் பாதரசம் இருந்தால் 0.018 கன மில்லிமீட்டர் கூடும். இது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலுக்குள் அது புகும்போது, கண்ணாடியும் சிறிது விரிவதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. வழி குறுகலாக இருப்பதால் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது.

அந்தக் குழலில் கோடுகளை எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி. அவரவர் விருப்பப்படி போட்டால் ஒருவர் அளவு மற்றவருக்குப் பயன்படாது. எனவே, உலகில் யார் எங்கே செய்து பார்த்தாலும் மாறாமல் கிடைக்கும் இரண்டு நிலைகள் தேவைப்பட்டன. உருகும் பனிக்கட்டி ஒன்று. கொதிக்கும் நீரின் ஆவி மற்றொன்று. இவை திட்டநிலைகள் எனப்படும். காற்றழுத்தமும் இயல்பான அளவில் இருக்க வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் இவ்விரு நிலைகளுக்கும் இடையே நூறு பிரிவுகளை வகுத்தார். அவர் கொதிநிலைக்குச் சுழியையும் உறைநிலைக்கு நூறையும் கொடுத்திருந்தார். பிற்பாடு அது தலைகீழாக மாற்றப்பட்டு இன்றைய வடிவம் பெற்றது.

அவருக்கு முன்பே பாதரச வெப்பநிலைமானியைச் செம்மையாகச் செய்தவர் டேனியல் காப்ரியேல் பாரன்ஹீட். இளைஞர்கள் இவர் வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டும். 1686-இல் டான்சிக் நகரில் பிறந்த இவர், பதினைந்து வயதில், 1701-இல், நச்சுக் காளானை உண்ட தாய் தந்தையரை ஒருசேர இழந்தார். காப்பாளர்கள் இவரை ஆம்ஸ்டர்டாமில் வணிகம் பழக அனுப்பிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் கற்றுப் பட்டம் பெற்றவர் அல்லர். கண்ணாடி ஊதியும், கருவிகள் செய்தும், கைத்தொழிலாலேயே அறிவியலுக்குள் நுழைந்தவர். 1714-ஆம் ஆண்டளவில் ஒன்றுக்கொன்று மாறுபடாத அளவு காட்டும் கருவிகளைச் செய்தார். 1724-இல் இலண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக ஏற்றது. இவரது அளவின்படி நீரின் உறைநிலை 32, கொதிநிலை 212. காய்ச்சலை நாம் “நூற்றிரண்டு, நூற்று மூன்று” என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பெற்றோரற்ற சிறுவனின் அளவைத்தான் சொல்லுகிறோம்.

ஆயினும் நெடுங்காலம் இக்கருவி நோயாளியின் படுக்கையருகே வரவில்லை. அது ஓர் அடி நீளமாக இருந்தது. அளவு காட்ட இருபது நிமிடம் பிடித்தது. 1860-களின் பிற்பகுதியில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் கிளிஃபோர்டு ஆல்பட் ஆறங்குல நீளத்தில், ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும் கருவியை அறிமுகப்படுத்தினார். பின்னர் பரவலான மருத்துவ வெப்பநிலைமானியில் ஒரு நுட்பம் உண்டு. குமிழுக்குச் சற்று மேலே குழல் மிகவும் ஒடுங்கியிருக்கும். பாதரசம் விரியும்போது அந்த ஒடுக்கத்தைத் தாண்டி மேலே போய்விடும். உடலிலிருந்து எடுத்தபின் குமிழில் உள்ளது சுருங்கும்போது, இழை அங்கே அறுபட்டு, மேலே போனது அப்படியே நின்றுவிடும். ஆகவேதான் கருவியை வெளியே எடுத்து, விளக்கருகே கொண்டுபோய், நிதானமாகப் படிக்க முடிகிறது. மறுமுறை வைப்பதற்கு முன் உதறுவதும் அதற்காகவே.

தோழர்களே! இந்த ஒடுக்கத்தை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரும். 1930-களில் அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கை அனுபவங்களையும் நம் மக்கள் பட்ட துன்பங்களையும் தொகுத்து எழுதிய சிறு நூலில் அது இடம்பெற்றிருக்கிறது. 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளியான ஒரு கடிதத்தை அவர் அதில் எடுத்துக் காட்டுகிறார். கடிதத்தை எழுதியவர் கத்தியவார் பகுதியைச் சேர்ந்த தீண்டப்படாத வகுப்பினர். என்னைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற இரண்டு நாளில் அவர் மனைவி நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்களிடம் மன்றாடிய பிறகு, இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்கு ஒருவர் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். பச்சிளங் குழந்தையோடு அந்தத் தாயை வெளியே கொண்டுவந்தார்கள். மருத்துவர் தம் வெப்பநிலைமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். பிறகு அதே வழியாக அது மருத்துவரிடம் திரும்பிச் சென்றது. இரவு எட்டு மணி அளவில், விளக்கு வெளிச்சத்தில் அதனைப் பார்த்து, நுரையீரல் அழற்சி என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மருந்து மட்டும் அனுப்பினார். அதன்பின் வந்து பார்க்க மறுத்துவிட்டார். அந்தத் தாய் இறந்துபோனார்.

கருவி செய்ததையும் மனிதர் செய்ததையும் எண்ணிப் பாருங்கள். கருவி அந்தத் தாயைத் தொட்டது. தொட்டால்தான் அது வேலை செய்யும். அவள் உடலின் நிலை எதுவோ, அதனைத் தானும் அடைந்தது. அந்த அளவை மாற்றாமல், மூன்று கைகள் கடந்து, விளக்கடிவரை கொண்டுபோய்க் கொடுத்தது. அந்தச் சிறு ஒடுக்கம் இல்லையேல் போகும் வழியிலேயே இழை இறங்கியிருக்கும். கருவி தன் கடமையில் தவறவில்லை. ஆனால் வெப்பநிலைமானிக்கு ஓர் எல்லை உண்டு. உடல் எவ்வளவு சுடுகிறது என்று அது சொல்லும். ஏன் சுடுகிறது என்று அது சொல்லாது. நுரையீரலில் நோயா என்று அறிய மார்பில் கை வைக்க வேண்டும். தட்டிப் பார்க்க வேண்டும். காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதை மனிதர்தாம் செய்தாக வேண்டும். அந்த மருத்துவர் அளவை எடுத்துக்கொண்டார். ஆளைப் பார்க்க மறுத்தார். அறிவியல் கற்றுவிட்டால் மட்டும் மனிதர் நேர்மையாளராகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இக்காலத்தில் கருவிகள் மாறிவருகின்றன. பாதரசம் நச்சுப் பொருள். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் பாதரசம் கலந்த மீனை உண்டு பல்லாயிரவர் பாதிக்கப்பட்டனர். அவ்வூரின் பெயரால் 2013-இல் ஓர் உலக உடன்படிக்கை ஏற்பட்டு, 2018-இல் இந்தியாவும் அதில் இணைந்தது. வீட்டில் பழைய கருவி உடைந்தால், சிதறிய பாதரசத்தைக் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் ஒதுக்கி எடுத்து, மூடியுள்ள புட்டியில் இட்டு வையுங்கள். இப்போது மருந்துக் கடையில் கிடைக்கும் மின்னணு வெப்பநிலைமானியில் பாதரசம் இல்லை. சூடேற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு பொருள் அதன் முனையில் இருக்கிறது. அம்மாற்றத்தைக் கணக்கிட்டு எண்ணாகக் காட்டுகிறது. அதுவும் தொட்டுக் காத்திருந்தே அளப்பது. 2020-இல் கொரோனா காலத்தில் நம் நெற்றிக்கு எதிரே பிடித்தார்களே, அது மட்டும் தொடாமல் அளப்பது. ஒவ்வோர் உடலிலிருந்தும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்கள் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றைக்கொண்டு அது கணக்கிடுகிறது. வெயிலில் நடந்து வந்தவரிடமும் வியர்த்தவரிடமும் அது தவறு காட்டக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் குடும்பங்களுக்கு இதனால் ஆகும் பயன் என்ன? மருத்துவமனைக்குப் போய், “பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால், நம் உடையையும் பேச்சையும் பார்த்து அதனை இலேசாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. “நேற்று இரவு ஒன்பது மணிக்கு 102, இன்று காலை ஆறு மணிக்கு 103” என்று எழுதிய தாளை நீட்டிப் பாருங்கள். அந்தத் தாளைத் தள்ளிவிட முடியாது. உடலின் இயல்பான வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 பாரன்ஹீட் அளவில் இருக்கும். நேரத்திற்கும் ஆளுக்கும் ஏற்பச் சற்றுக் கூடும், குறையும். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். 100.4-ஐ எட்டினால் காய்ச்சல் என்று கொள்ளலாம். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு அந்த அளவு வந்தால் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருவி காய்ச்சல் இல்லை என்று காட்டினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அப்போதும் செல்ல வேண்டும். கருவிக்கு எல்லை உண்டு என்று சொன்னேன் அல்லவா?

ஆகவே கழகத்தின் நிருவாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் இரவுப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு மின்னணு வெப்பநிலைமானியும் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். பெரிய வகுப்பு மாணவ மாணவியர் இருவர் அதனை வைக்கவும், படிக்கவும், நேரத்தோடு குறிக்கவும் கற்றுக்கொள்ளட்டும். தெருவில் எந்த வீட்டில் குழந்தைக்கு உடம்பு சுட்டாலும் அவர்கள் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். சுடுநீரில் கிடந்த கை, சாதாரணத் தண்ணீரைக் குளிர்ந்தது என்று பொய் சொல்லிற்று. அதுபோலத்தான், “இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது, அறிவியல் ஏறாது” என்று நம்மைப் பற்றிச் சொன்னவர்களும், தாங்கள் எங்கே ஊறிக் கிடந்தார்களோ அதைக்கொண்டே சொன்னார்கள். நம்மை அளந்து பார்த்துச் சொல்லவில்லை. அவர்கள் சொல்லை நம்பிப் படிப்பை நிறுத்திய நண்பர்கள் எனக்கு உண்டு. இளைஞர்களே! யார் உங்களைப் பற்றி எது சொன்னாலும், “அளந்து பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். நீங்களும் பிறரைப் பற்றி அளக்காமல் சொல்லாதீர்கள்.

என் தங்கை இந்த அவையில் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவள் இசைவு பெற்றே அவள் கதையைச் சொன்னேன். நான் பேசுவதை அவள் மகள் கைச்சாடையால் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இக்கழகத்தின் உதவித்தொகையில் செவிலியர் பயிற்சி பெற்றவள் அந்தப் பெண். இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெப்பநிலைமானி படிக்கக் கற்றுத் தருவதாக அவள் எனக்கு வாக்களித்திருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை தொடக்கம். பிள்ளைகளே, தவறாமல் வாருங்கள்.